கையை விட்டாலும் பறக்கிற விமானம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, அம்மா பரணைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கச் சொன்னாங்க. வருஷத்துக்கு ஒருதரம் புனேயிலிருந்து வர்ற பையனுக்கு இந்த மாதிரி ஒரு வேலை எப்பவும் காத்திருக்கும். ஈயம் போன அண்டா, கால் உடைஞ்ச கொலு பொம்மை, என்னோட செமஸ்டர் நோட்டுகள். இதுக்கெல்லாம் அடியில பழைய பேப்பர்ல சுத்தி வெச்ச ஒரு மர ப்ரொப்பெல்லர். பத்து அங்குலம் இருக்கும். ஒரு பக்க நுனி சிதறிப் போயிருந்தது.

கீழே ஏணியைப் பிடிச்சிட்டிருந்த மகள் கேட்டா: "அப்பா, இது என்ன ஃபேனா?"

"விமானத்தோடது."

"யாரோடது? உங்களோடதா? அப்போ ப்ளேன் எங்க?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாம இறங்கிட்டேன். ஆனா அவ விடலை. புனே வர்ற வரைக்கும் ரயில்ல அதே கேள்விதான். சரி, கொசுவத்தியைச் சுத்திடறேன்.

1994. கோயம்புத்தூர்ல கல்லூரி. என்.சி.சி. ஏர் விங்ல சேர்ந்ததே ஏரோமாடலிங்குக்காகத்தான். கையில ரெண்டு கம்பியைப் பிடிச்சிட்டு வட்டமா சுத்துற கண்ட்ரோல் லைன் விமானம்தான் அங்க பாடம். அதுல இருந்தது குட்டி டீசல் இன்ஜின். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். அந்த வாசனை சட்டையில ஏறினா மூணு தடவை துவைச்சாலும் போகாது. ரிமோட் விமானமெல்லாம் எங்களுக்கு எட்டாத உயரம். நாலு பேர் சேர்ந்து ஒரு வருஷம் காசு சேர்த்தோம். ஒருத்தனோட மாமா சிங்கப்பூர்லேருந்து லீவுக்கு வரும்போது ஒரு ட்ரெய்னர் கிட்டும், இன்ஜினும், ரேடியோவும் வாங்கிட்டு வந்தார்.

அதை முழுசா கட்டினது ஒரே ஒருத்தன். பேரைச் சொன்னா உதைப்பான், அதனால 'கோந்து'ன்னு வெச்சுக்குவோம். நாலு மாசம் ஹாஸ்டல் அறையில பால்சா குச்சிகளை ஒட்டிக்கிட்டே இருந்தான். முதல் நாள் அவன் ஓட்டினான், இறக்கினான். ரெண்டாவது நாள் நான். மேல போனது, திரும்பினது, எங்களைப் பார்த்து வந்தது. எதிரே வரும்போது இடதும் வலதும் மாறித் தெரியும்னு படிச்சிருந்தேன். படிச்சது மூளைக்குத் தெரியும், கட்டைவிரலுக்குத் தெரியாது. வலது இறக்கை தாழுதுன்னு நினைச்சு திருத்தத் திருத்த அது இன்னும் சாய்ஞ்சது. நான் ஸ்டிக்கை இன்னும் இழுத்துப் பிடிச்சேன். சோளக்காட்டு ஓரத்துல போய் குத்தினது. மிஞ்சினது இன்ஜினும் அந்த ப்ரொப்பெல்லரும்.

கோந்து ஒண்ணுமே சொல்லலை. துண்டுகளை ஒரு சாக்குல பொறுக்கிப் போட்டான். திட்டியிருந்தா தேவலை. அதுக்கப்புறம் நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. படிப்பு முடிஞ்சது, வேலை, சென்னை, பெங்களூரு, கடைசியா புனே. முப்பது வருஷம் ஓடிப் போச்சு.

ரயில்ல மகள் கேட்ட கேள்விதான் மறுபடி கிளப்பி விட்டது. ஆபீஸ்ல ஆணி பிடுங்குற நேரம் போக மீதி நேரமெல்லாம் இணையத்துல விமானம் தேடுறதுதான் வேலை. முதல்ல கண்ணுல பட்டது ஒரு ஸ்பிட்ஃபயர். அந்த நீள்வட்ட இறக்கை, மூக்கில பெயிண்ட், பார்க்கும்போதே மயிர்க்கூச்செறியும். கூடையில போட்டுட்டு தங்கமணிகிட்ட காட்டினேன். அவங்களுக்கு 1994 கதை அத்துப்படி.

"ஏங்க, அன்னிக்கு ஓட்டினதைவிட ஒட்டினதுதானே அதிகம்? அதுவும் ஒட்டினது வேற ஆள். இப்ப இதை நீங்க ஓட்டி, அப்புறம் ஒட்டப் போறது யாரு?"

கூடையிலேருந்து எடுத்துட்டேன் :-)

அப்போ எதை வாங்குறது? இந்தக் கேள்வியோட படிக்க ஆரம்பிச்சவன் 1871க்குப் போயிட்டேன். என்னை மாதிரி ரொம்ப வருஷம் கழிச்சு இந்தப் பொழுதுபோக்குக்குத் திரும்புறவங்க கேக்குற கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்குன்னு எனக்குப் பட்டது. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

பாரிஸ் நகரத்து ட்யூலரி தோட்டம். 1871 ஆகஸ்ட் 18. அல்ஃபோன்ஸ் பெனோன்னு ஒரு இளைஞர், வயசு 21. கையில ஒரு பொம்மை. இறக்கை ஒரு முழம்கூட இருக்காது, சுமார் 45 செ.மீ. முறுக்கின ரப்பர்தான் இன்ஜின், ப்ரொப்பெல்லர் வால் பக்கம். கையை விட்டார். 11 விநாடி, சுமார் 40 மீட்டர், நேரா பறந்து போய் இறங்கினது. அதுல ஆளும் இல்லை, ரிமோட்டும் இல்லை. தன்னைத் தானே நிமிர்த்திக்கிட்டு பறந்த முதல் விமானங்கள்ல ஒண்ணுன்னு வரலாற்றுல அதுக்கு இடம். 'ப்ளானஃபோர்'னு பேர் வெச்சார்.

அதுல ரெண்டு சூட்சுமம். ஒண்ணு, இறக்கையோட நுனிகள் மேல்நோக்கி வளைஞ்சிருந்தது. இதோட வேலை என்னன்னா, விமானம் வலது பக்கம் சாய்ஞ்சா அந்தப் பக்கமா சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் காத்து கொஞ்சம் அதிகக் கோணத்துல கிடைக்கும். அதனால அதுக்குத் தூக்கல் கூடும், தானா நிமிரும். இப்போ இதை டைஹெட்ரல்னு சொல்றோம். ரெண்டாவது, வால் இறக்கையை முன் இறக்கையைவிடக் கம்மியான கோணத்துல வெச்சு, எடையை முன்பக்கம் தள்ளினார். மூக்கு குத்தினா வேகம் கூடும், வால் கீழே அழுத்தி மூக்கைத் தூக்கும். மூக்கு தூக்கினா வேகம் குறையும், மூக்கு தானே தணியும். தராசு முள் ஆடி ஆடி நடுவுல வந்து நிக்குற மாதிரி.

பெனோ அதோட நிக்கலை. 1876ல ஆள் ஏறிப் போற, தண்ணியிலயும் இறங்குற பெரிய விமானத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கட்டறதுக்குக் காசு கொடுக்க ஆள் கிடைக்கலை. கிண்டல்தான் கிடைச்சது. 1880ல, முப்பது வயசுல, தற்கொலை பண்ணிக்கிட்டார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல ஒரு பாதிரியார் தன் பசங்களுக்கு ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வாங்கிட்டு வந்தார். ரப்பர் முறுக்கிவிட்டா மேல போகும். அது பெனோ வடிவமைச்ச பொம்மையை வெச்சுச் செஞ்சது. அந்தப் பசங்க பேர் வில்பர், ஆர்வில். குடும்பப் பேர் ரைட்.

இங்கதான் கதையில ஒரு திருப்பம். அந்தப் பொம்மையால ஆசைப்பட்ட ரைட் சகோதரர்கள் 1903ல பறந்தது பெனோ வழியில இல்லை. அவங்க விமானத்துல இறக்கை நுனிகள் கொஞ்சம் கீழ்நோக்கி இருந்தது. எலிவேட்டர் முன்னாடி. கையை விட்டா அது தானா நிமிராது. சைக்கிள் கடைக்காரங்க இல்லையா, சைக்கிள் மாதிரியே யோசிச்சாங்க. ஓட்டுறவன்தான் ஒவ்வொரு கணமும் சமன் பண்ணணும், அதுக்குக் கட்டுப்பாடு அவன் கையில முழுசா இருக்கணும். அது பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனா அதை ஓட்டறதுக்கு முன்னாடி அவங்க நூத்துக்கணக்கான தடவை கிளைடர்ல பழகியிருந்தாங்க.

ஆக, ஆரம்பத்துலேயே ரெண்டு கட்சி. தானா நிமிர்ந்து பறக்கற விமானம் ஒண்ணு, ஓட்டுறவன் நிமிர்த்தற விமானம் இன்னொண்ணு. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் கடை அலமாரியில இருக்கிற ஒவ்வொரு மாடலும் இந்த ரெண்டு கட்சிக்கு நடுவுல எங்கேயோதான் இருக்கு.

ரேடியோ எப்போ வந்தது? நிக்கோலா டெஸ்லா 1898லயே நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஒரு குட்டிப் படகை வயர்லெஸ்ல ஓட்டிக் காட்டினார். படகு தண்ணியில மிதக்கும், கோளாறு வந்தா நிக்கும். விமானம் அப்படியா? மாடல் விமானத்துல அது சாத்தியம்னு காட்டினவங்கள்ல முக்கியமானவங்க வால்டர் குட், வில்லியம் குட்னு ரெட்டைச் சகோதரர்கள். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், கலமாசூ. 1937ல அவங்க 'பிக் கஃப்' பறந்தது. எட்டடி இறக்கை. இன்னிக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு.

அந்தக் காலத்து ரேடியோ எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சா, விமானம் ஏன் அப்படி இருந்ததுன்னு புரியும். வால்வு ரிசீவர், கனமான பேட்டரி. பல வருஷம் வரைக்கும் சாதாரண ஆளுக்குக் கிடைச்சது ஒரே ஒரு பொத்தான்தான். அழுத்தினா விமானத்துக்குள்ள இருக்கிற ஒரு சின்ன காந்தப் பொறி விடுபடும். முறுக்கின ரப்பர் பேண்டு ரட்டரை ஒரு பக்கமா முழுசா திருப்பும். பொத்தானை விட்டா நேரா வரும். அடுத்த தடவை அழுத்தினா மறுபக்கம். கடைசியா எந்தப் பக்கம் திருப்பினோம்னு ஞாபகம் வெச்சுக்கணும். கொஞ்சமா திருப்பறது, மெதுவா திருப்பறதெல்லாம் கிடையாது. ரப்பர் முறுக்கு தீர்ந்தா கட்டுப்பாடும் தீர்ந்தது.

இந்த மாதிரி ரேடியோவோட பறக்கணும்னா விமானம் எப்படி இருக்கணும்? ரேடியோ இல்லாமலேயே பறக்கத் தெரிஞ்சதா இருக்கணும். அதனால பெனோ வம்சத்து விமானத்தைத்தான் எடுத்தாங்க. இறக்கை மேல, உடம்பு கீழ, நல்ல டைஹெட்ரல், பெரிய வால். ஓட்டுறவன் ஓட்டலை, அப்பப்ப யோசனை சொன்னான், அவ்வளவுதான். யோசனை கேக்காத நேரத்துல அது தன் பாட்டுக்குப் பறந்தது.

இதே காலத்துல ஹாலிவுட்ல இன்னொரு கதை. ரெஜினால்ட் டென்னின்னு ஒரு நடிகர், இங்கிலாந்துலேருந்து போனவர். மாடல் விமானப் பைத்தியம். 1930கள்ல ஹாலிவுட் புலிவார்டுல மாடல் கடையே திறந்துட்டார். ராணுவத்துல பீரங்கி சுடப் பழகறவங்களுக்குப் பறக்கற இலக்கு வேணும்னு அவருக்குத் தோணினது. ரேடியோப்ளேன்னு கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டாம் உலகப் போர் முடியறதுக்குள்ள ஆயிரக்கணக்குல இலக்கு விமானங்கள் செஞ்சு கொடுத்தார். 1945ல டேவிட் கொனோவர்னு ஒரு ராணுவப் புகைப்படக்காரர் அந்தத் தொழிற்சாலைக்குப் போய் வேலை செய்யற பெண்களைப் படம் எடுத்தார். அதுல ஒரு பொண்ணு ப்ரொப்பெல்லரைப் பிடிச்சிட்டு சிரிக்கும். பேர் நோர்மா ஜீன். பின்னாடி மர்லின் மன்றோன்னு உலகத்துக்கே தெரிஞ்சவங்க. அவரை அங்க அனுப்பின மேலதிகாரி, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். ட்ரோன்னு இன்னிக்குப் பேசற விஷயத்தோட ஒரு வேர் ஒரு மாடல் கடையில இருக்கு.

ரேடியோ முன்னேற முன்னேற விமானம் மாறினது. பல பொத்தான் வந்தது. 1960ல சுவிட்சர்லாந்துல ட்யூபெண்டார்ஃப்ல ரேடியோ விமான சாகசத்துக்கு முதல் உலகப் போட்டி நடந்தப்ப, ஜெயிச்சது அமெரிக்கர் எட் காஸ்மிர்ஸ்கி. அவரோட 'ஓரியன்' விமானத்துல இறக்கை கீழ இருந்தது. அடுத்த சில வருஷத்துல 'ப்ரொபோர்ஷனல்' ரேடியோ வந்தது. ஸ்டிக்கை எவ்வளவு நகர்த்தறோமோ அவ்வளவு மட்டும் ரட்டரும் எலிவேட்டரும் எய்லரானும் நகரும். இப்போ நாம பிடிக்கிற ரிமோட்டோட தாத்தா அதுதான். விமானம் தானா நிமிர வேண்டிய அவசியம் போயிடுச்சு. தலைகீழா பறக்கணும்னா தானா நிமிர்றது இடைஞ்சல்கூட. டைஹெட்ரலைக் குறைச்சாங்க, இறக்கையோட மேல் வளைவும் கீழ் வளைவும் ஒண்ணாச்சு. ரைட் கட்சி ஜெயிச்சது.

ஆனா கத்துக்க வர்றவனுக்கு என்ன பண்றது? அவனுக்காக பெனோ கட்சியைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. அதுக்குப் பேர்தான் ட்ரெய்னர். சிக் கம்பெனியோட 'கேடட்', கிரேட் ப்ளேன்ஸ் 'பி.டி. 40' எல்லாம் அந்த வம்சம். இறக்கை மேல, டைஹெட்ரல் தாராளம், அடிப்பக்கம் தட்டையான இறக்கை. இறக்கையோட இந்த வடிவத்துக்குப் பெரிய முன்னுதாரணம் 1922ல வர்ஜீனியஸ் கிளார்க் வரைஞ்ச 'கிளார்க் ஒய்'. லிண்ட்பெர்க் 1927ல அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்துல இருந்ததும் அதேதான். மெதுவா பறந்தாலும் பொறுமையா தாங்கும். அடிப்பக்கம் தட்டைங்கறதால மேஜை மேல வெச்சு நேரா ஒட்டலாம், முறுக்கிக்காது.

இதைப் படிச்சிட்டிருக்கும்போது ராத்திரி ஒரு மணி. எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன்.

ஏன்னா, கோந்து கட்டினது அந்த மாதிரி விமானம். மேல் இறக்கை, தட்டை அடி, நல்ல டைஹெட்ரல். அன்னிக்கு அது சாய்ஞ்சப்ப நல்ல உயரத்துல இருந்தது. ரெண்டு ஸ்டிக்கையும் நடுவுல விட்டிருந்தா, இன்ஜினைக் குறைச்சிருந்தா, அதுவே நிமிர்ந்திருக்கும். அதுக்காகத்தான் அதை அப்படி வடிவமைச்சிருந்தாங்க. எனக்கு ஓட்டத் தெரியாததால விழுந்ததுன்னு முப்பது வருஷமா நினைச்சிட்டிருந்தேன். உண்மை அது இல்லை. விடத் தெரியாததால விழுந்தது.

சரி, இப்போ ஸ்பிட்ஃபயர் ஏன் கூடாதுன்னு பார்ப்போம், தங்கமணி சொன்னது தவிர. ஒரு விமானத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கினா இறக்கைப் பரப்பு கால் பங்காயிடும். எடையும் அதே அளவு அல்லது அதுக்கும் மேல குறைஞ்சாத்தான் மெதுவா பறக்க முடியும். மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் நம்ம இஷ்டத்துக்குச் சுருங்காது. அதனால வாங்கும்போது ஒரு சின்ன கணக்கு போடுங்க. பறக்கத் தயாரா இருக்கிற எடையை கிராம்ல எடுத்து, இறக்கைப் பரப்பை சதுர டெசிமீட்டர்ல வெச்சு வகுங்க. ஒன்றரை மீட்டருக்குள்ள இருக்கிற விமானத்துக்கு 30, 40க்குள்ள வந்தா சாது. 60ஐத் தாண்டினா வேகமா வந்தாத்தான் இறக்க முடியும், உங்க விரலும் அதே வேகத்துல யோசிக்கணும்.

இன்னொண்ணு, அந்த அழகான நீள்வட்ட இறக்கை. நிஜ ஸ்பிட்ஃபயர் விமானிக்கு நடுங்கிக் காட்டி எச்சரிக்கை பண்ணும்னு பேர் வாங்கினது. குட்டி மாடல்ல நுனி ரொம்ப ஒடுக்கமா ஆயிடும். அவ்வளவு ஒடுக்கமான இறக்கையில மெதுவான காத்து ஒழுங்கா ஒட்டாது. இறங்க வரும்போது வேகம் குறைஞ்சா நடு இறக்கைக்கு முன்னாடி நுனி தூக்கலை இழக்கும், ஒரு பக்கமா கவிழ்ந்துடும். அதுவும் தரைக்குப் பத்தடி மேல. நிமிர்த்த உயரமே இருக்காது.

என்னை மாதிரி திரும்பி வர்றவங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். புதுசா வர்றவன் பயந்து ட்ரெய்னர் கேப்பான். நாம "எனக்குத்தான் தெரியுமே"ன்னு நேரா சண்டை விமானத்துக்குப் போவோம். தெரிஞ்சது ஞாபகத்துல இருக்கும். விரல்ல இருக்காது.

நல்ல செய்தியும் இருக்கு. நாம இல்லாத காலத்துல மத்ததெல்லாம் சுலபமாயிடுச்சு. எலெக்ட்ரிக்கையே எடுத்துக்கோங்க. இங்கிலாந்துல கர்னல் டாப்ளின் 1957 ஜூன் 30ல 'ரேடியோ குவீன்' விமானத்தை மின் மோட்டார்ல பறக்க விட்டார். ஜெர்மனியில ஃப்ரெட் மிலிட்கி விடாம முயற்சி பண்ணினார். மாடல்ல கத்துக்கிட்டதை வெச்சு 1973ல ஆஸ்திரியாவுல ஆளையே ஏத்திக்கிட்டு ஒரு மின்சார விமானம் பறந்தது, அவர் யோசனையில. ஆனா நம்ம கைக்கு வந்தது லித்தியம் பாலிமர் பேட்டரியும் ப்ரஷ்லெஸ் மோட்டாரும் 2000கள்ல விலை இறங்கின பிறகுதான். விளக்கெண்ணெய் வாசனை போச்சு. இன்ஜினைக் கிளப்ப விரல்ல அடி வாங்கறது போச்சு. (அந்த வாசனைக்கு மட்டும் நான் கொஞ்சம் ஏங்கறேன்.)

பால்சாவுக்குப் பதிலா நுரை வந்தது. உடைஞ்சா பசை போட்டு அன்னிக்கு சாயங்காலமே பறக்கலாம். ரேடியோவும் மாறிடுச்சு. எங்க காலத்துல ஒரே அலைவரிசையில இன்னொருத்தன் ரிமோட்டைப் போட்டா நம்ம விமானம் காலி. அதனால மைதானத்துல ஒரு பலகை, அதுல கிளிப், கிளிப் யார்கிட்டயோ அவன் மட்டும் பறக்கலாம். 2005ல ஸ்பெக்ட்ரம் டி.எக்ஸ். 6 வந்து, மாடல் விமானங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அந்தப் பயம் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் இருக்கு, தினம் இருபது நிமிஷம் விழலாம், செலவு பூஜ்யம். எதிரே வரும்போது இடம் வலம் குழம்பற வியாதிக்கு இதைவிட மருந்து இல்லை.

கடைசியா கைரோ. இப்போ வர்ற நிறைய ட்ரெய்னர்கள்ல ரிசீவருக்குள்ளயே இருக்கு. ஸ்டிக்கை விட்டா அதுவே விமானத்தை நிமிர்த்தும், ஒரு பொத்தானும் உண்டு, பயந்தா அழுத்தலாம். பெனோ இறக்கையை வளைச்சுச் செஞ்சதை ஒரு சில்லு செய்யுது. வேண்டாம்னு சொல்ல மாட்டேன், நானே வெச்சிருக்கேன். ஆனா ஒரு வித்தியாசம். சில்லால மட்டும் நிமிர்ற சண்டை விமானத்துல சில்லு கெட்டா எல்லாம் கெட்டது. தானா நிமிர்ற விமானத்துல சில்லு கூடுதல் காப்பு. விமானம் முதல்ல, கைரோ அப்புறம்.

வயசாயிடுச்சேன்னு யோசிக்கிறவங்களுக்கு மேனார்ட் ஹில் கதையைச் சொல்றேன். 2003 ஆகஸ்ட்ல அவருக்கு 77 வயசு. கண் பார்வை கிட்டத்தட்ட போயாச்சு, காதும் சரியா கேக்காது. பால்சாவும் மைலாரும் வெச்சு ஒரு விமானம் கட்டினார். எரிபொருளோட சேர்த்து 5 கிலோவுக்குள்ள. கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துலேருந்து கிளம்பி அயர்லாந்துல போய் இறங்கினது. சுமார் 3000 கி.மீ., 38 மணி 52 நிமிஷம், ஒரு காலனுக்கும் குறைவான எரிபொருள். கடலைத் தாண்டினது ஜி.பி.எஸ். ஆட்டோபைலட். அதுக்கு முன்னாடி கிளம்பின சிலது கடலோட போச்சு. அவர் திரும்பக் கட்டினார்.

நம்ம நாட்டுல ஒரு விஷயம் கட்டாயம் பாக்கணும். 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள்ல மாடல் விமானத்துக்குத் தனியா விளக்கம் இருக்கு. 25 கிலோவுக்கு மிகாம, படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு மாதிரி காரியங்களுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள ஓட்டறது. எங்க பறக்கலாம்னு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டிருக்காங்க. பச்சையில 400 அடி வரைக்கும். எங்க புனேல லோகேகாவ் விமானப்படைத் தளம் இருக்கிறதால நான் முதல்ல பார்த்தது அந்த வரைபடத்தைத்தான். உங்க ஊர்லயும் பறக்கறதுக்கு முன்னாடி அன்னன்னிக்கு நிலவரத்தைப் பாத்துடுங்க. 2022 பிப்ரவரியிலேருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்திருக்கு. அதனால வெளிநாட்டுலேருந்து வர்ற மச்சானை நம்பி சுங்கத்துல மாட்டிக்காம, உதிரி பாகம் உள்ளூர்லயே கிடைக்கிற மாடலா பாத்து வாங்கறது உத்தமம். விழத்தான் போகுது. ப்ரொப்பெல்லர் நாலு சேர்த்தே வாங்குங்க.

நான் வாங்கினது 1.4 மீட்டர் இறக்கை, நுரை, மேல் இறக்கை, கண்ணுக்குத் தெரியற டைஹெட்ரல், நாலு சானல். பார்க்க ஒண்ணும் பிரமாதமா இருக்காது. ஒரு மாசம் சிமுலேட்டர். அப்புறம் ஞாயித்துக்கிழமை விடிகாலை, காத்து எழும்பறதுக்கு முன்னாடி, ஊருக்கு வெளியே அனுபவம் உள்ள நாலு பேர் பறக்கற மைதானம். முதல் தடவை என் கால் நடுங்கினது, ஆனா இறக்கிட்டேன். மூணாவது வாரம் நல்ல உயரத்துல வெச்சு, கைரோவை அணைச்சு, ரிமோட்டை மகள் கையில கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் நல்லா ஓட்டினா. திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. இடது சாய்ஞ்சது. அவ திருத்தினா, இன்னும் சாய்ஞ்சது. விரல் வெளுத்துப் போறது எனக்குத் தெரிஞ்சது. பிடுங்கிக்கலாம்னு கை போனது.

"விடு. ரெண்டையும் விட்டுடு."

விட்டா. ஒரு விநாடி, ரெண்டு விநாடி. இறக்கை மெதுவா நிமிர்ந்தது. எங்க தலைக்கு மேல நேரா போச்சு.

அன்னிக்கு ராத்திரி கோந்துக்கு போன் பண்ணினேன். இப்போ துபாய்ல இருக்கான். வருஷத்துக்கு ரெண்டு தடவை பேசுவோம், ஆனா அந்த விமானத்தைப் பத்தி இதுவரைக்கும் பேசினதே இல்லை. படிச்சதையெல்லாம் சொன்னேன். அன்னிக்கு கையை விட்டிருந்தா பிழைச்சிருக்கும்டான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும்டா. விடுன்னு கத்தினேன். உன் காதுல விழலை."

அப்புறம் அவனே கேட்டான்: "இன்ஜின் எங்கடா? உன்கிட்டதானே இருந்தது?"

பரண்ல தேடிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அடுத்த பொங்கலுக்கு அவனும் ஊருக்கு வர்றானாம். பால்சா நான் வாங்கணும், ஒட்டறது அவன் வேலை.